நடுமுள் ஓடிய நாள்

என் கடிகாரத்தைப் பார்க்கிற பத்துப் பேரில் ஒன்பது பேர் கேட்பது ஒரே கேள்விதான். "இன்னா சார், வாட்சு நின்னுபோச்சா?"

நிற்கவில்லை. அது அப்படித்தான். வட்டத்தின் நடுவிலிருக்கும் நீளமான மெல்லிய முள் எப்போதும் பன்னிரண்டின் மேல் அசையாமல் நிற்கும். நொடி காட்டுவது அதன் வேலை அல்ல. இடது பக்கம் ஒரு குட்டி வட்டத்துக்குள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரிகிற ஒரு பொடி முள் இருக்கிறது, அதுதான் நொடிமுள். நடுமுள் ஓட வேண்டுமானால் வலப்பக்கத்து மேல் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். கீழ்ப் பொத்தானை அமுக்கினால் துள்ளிப் போய்ப் பழையபடி பன்னிரண்டில் உட்கார்ந்துகொள்ளும். கார்ப் பந்தயத்துக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் நேரம் எடுக்கவென்று செய்த வஸ்து. எனக்குக் காரும் கிடையாது, குதிரையும் கிடையாது. காலடிப்பேட்டையில் ஒரு வீடும், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டைத் தாண்டி ஒரு குடோனில் சூப்பர்வைசர் வேலையும்தான் உண்டு. துறைமுகத்திலிருந்து வருகிற கன்டெய்னரைத் திறந்து, உள்ளே இருக்கிற பருப்பு மூட்டைகளை இறக்கி, அட்டி போடுகிற குடோன். அட்டி என்றால் மூட்டை மேல் மூட்டையாக அடுக்குவது.

பழைய வாட்சுதான். எனக்கு முன்னால் இன்னொருவர் கையில் இருந்தது. பின்மூடியில் எதையோ செதுக்கி, பிறகு தேய்த்து அழித்த தடம் இருக்கிறது. யாருக்கு யார் எதற்காகக் கொடுத்தார்களோ தெரியாது. இந்த மாதிரி வாட்சுகளைக் கைமாற்றி விற்கிற ஒருவர், நகரத்தின் அந்தப் பக்கத்தில் ஒரு ஏசி அறையில், மெத்தென்ற துணிமேல் அதை வைத்து என்னிடம் நீட்டினார். காதருகே பிடித்துப் பார்த்தேன். அந்தச் சத்தத்தில் தலைகால் புரியாமல் போய்விட்டது. என்ன விலை என்று இங்கே எழுத மாட்டேன். மனைவியிடமே சொல்லவில்லை, உங்களிடம் எப்படிச் சொல்வது?

அவளிடம் சொன்னது, "பிளாட்பாரத்துல வாங்குனது. டூப்ளிகேட்."

அவள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஓடவே இல்லியே. ஏமாத்திட்டானா?"

"சின்ன முள்ளு ஓடுது பாரு."

"பெரிய முள்ள வுட்டுட்டு சின்ன முள்ளு ஓடுனா இன்னா பிரயோஜனம்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுத் துணி காயப்போடப் போனாள்.

எங்கள் பக்கத்தில் டூப்ளிகேட் என்று சொல்வதில் அவமானம் ஒன்றும் இல்லை. பக்கா டூப்ளிகேட் என்றால் பாராட்டு. ஒரிஜினல் என்று சொன்னால்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அதனால் குடோனிலும் அதையே சொன்னேன், தெருவிலும் அதையே சொன்னேன், மச்சான் கேட்டபோதும் அதையே சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். அதுதான் எனக்கு வினையாக முடிந்தது. கையில் ஒரு அதிசயத்தைக் கட்டிக்கொண்டு திரிகிறேன், அதைத் தெரிந்துகொள்ள ஒரு ஆள் இல்லை. காலையில் சாவி கொடுக்கும்போது எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொள்வேன். பெருமையை எத்தனை நாள்தான் தனியாகப் படுவது? யாரிடமாவது பீற்றிக்கொள்ள வேண்டும் போல உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

இனி குடோனில் மூட்டை இறக்குகிற செட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். லோடுமேன்கள் எட்டுப் பேர் சேர்ந்தது ஒரு செட்டு. இரண்டு பேர் கன்டெய்னருக்குள் நின்று மூட்டையைத் தூக்கிவிடுவார்கள். மற்ற ஆறு பேர் அதை முதுகில் வாங்கிக்கொண்டு, அட்டிகளுக்கு நடுவே ஒரு ஆள் போகிற சந்தில் வரிசையாக நடந்து, குடோன் கோடியில் போட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு திரும்புவார்கள். தூக்கிவிடுகிற இருவரில் மூத்தவர் மேஸ்திரி. கான்ட்ராக்டர் வேறு ஆள், அவர் இந்தப் பக்கம் தலைகாட்டுவதே அபூர்வம்.

நடக்கிற ஆறு பேரில் எப்போதும் முதலில் நடப்பவரை எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம். தண்டையார்பேட்டைக்காரர், ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். வலது முட்டி சரியாக மடங்காது. குனிந்து மூட்டை தூக்க அவரால் முடியாது, ஆனால் முதுகில் ஏற்றிவிட்டால் நடந்துவிடுவார். நிதானமாக, காலை ஒரு பக்கமாக வீசி நடப்பார். பின்னால் ஐந்து பேர் அதே நிதானத்தில் வருவார்கள். ஒருவர்கூட முந்த மாட்டார். சுற்றி வருகிற வழியில் லாரியே போகலாம், அங்கேயும் முந்த மாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்க்கிறேன். செட்டில் அவருக்குத்தான் மரியாதை, மேஸ்திரி பேருக்குத்தான் மேஸ்திரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். சூப்பர்வைசருக்கு எதையும் கேட்கிற பழக்கம் இல்லை.

அன்று வெயில் தகரக் கூரையைப் பிளந்துகொண்டிருந்தது. பதினொரு மணி இருக்கும். பாதி கன்டெய்னர் காலியாகியிருந்தது. தண்ணீர் குடிக்க நின்ற இடத்தில், செட்டிலேயே சின்னவன் என் கையைப் பிடித்துப் பார்த்தான். சின்னவன் என்றாலும் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

"இன்னா சார் இது, நின்னுபோன வாட்ச கட்டிகினு மணி பாத்துகினு கீறே?"

எல்லோரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். நகரவில்லை.

"நிக்கல. ஓட வுடட்டுமா?" என்றேன். மேல் பொத்தானை அமுக்கினேன். நடுமுள் சரசரவென்று கிளம்பியது. எட்டுத் தலைகளும் என் மணிக்கட்டின் மேல் கவிந்தன. வியர்வை நெடியும் பருப்புத் தூசியும் முகத்தில் அடித்தன. எனக்கு அது சந்தனம் மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த வாட்சு வாங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கிடைத்ததில்லை.

"சோக்கா கீதே!" என்றார் பாய். "இன்னொரு தபா அமுத்து சார்."

அமுக்கினேன். நிறுத்தினேன். துள்ள வைத்தேன். ஒரு நொடியை ஐந்தாகப் பிரித்துக் காட்டும் என்றேன். அதை யாரும் நம்பவில்லை. நம்ப வைக்க வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது. "ஒரு மூட்டைய எடுத்துகினு போய் போட்டுட்டு வா. எவ்ளோ நேரம்னு கரெக்டா சொல்றேன்" என்றேன் சின்னவனிடம். யார் சீக்கிரம் வருகிறார்களோ அவர்களுக்கு என் செலவில் டீயும் பஜ்ஜியும்.

அவ்வளவுதான், குடோன் திருவிழாவாகிவிட்டது. மூட்டை முதுகில் விழுந்ததும் சின்னவன் ஓடினான். வழக்கம்போல முதல் ஆளாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்த பாய், பின்னால் காலடிச் சத்தம் கேட்டு, ஐம்பது கிலோவை முதுகில் வைத்துக்கொண்டே அட்டியோடு ஒட்டி ஒதுங்கி நின்றார். "போடா போடா" என்று சிரித்தார். சின்னவன் அவரை உரசிக்கொண்டு தாண்டிப் போனான். ஒன்பது வருஷத்தில் அந்த வரிசையில் ஒருவர் இன்னொருவரை முந்தி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. எனக்கு அது உறைக்கவே இல்லை. கண் முள்ளின் மேல் இருந்தது.

நாற்பத்தொரு நொடி. அடுத்தவன் நாற்பத்து நான்கு. அடுத்தவன் நாற்பதே. கையில் வேறு காகிதம் இல்லாததால் ஒரு கேட் பாஸின் பின்பக்கத்தில் எழுதினேன். ஐந்து பேரும் ஓடி முடித்ததும் பாய் முன்னால் வந்து நின்றார்.

"எனக்கும் எடு சார்."

மேஸ்திரி கன்டெய்னருக்குள்ளிருந்து, "வேணாம் பாய், வுடு" என்றார். பாய் கேட்கவில்லை. மூட்டையை வாங்கிக்கொண்டு கிளம்பினார். நான் பொத்தானை அமுக்கினேன். அவர் உடம்பைச் சாய்த்து, காலை வீசி, தன்னால் முடிந்த வேகத்தில் போனார். அட்டிகளுக்குள் மறைந்தார். நடுமுள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறு சுற்றில் கால்வாசி தாண்டியபோதுதான் மூச்சிரைத்துக்கொண்டு திரும்பி வந்தார். மற்றவர்கள் அடுத்த மூட்டைக்குத் திரும்பிக்கொண்டார்கள். அவர் மட்டும் ஆசையாகக் கேட்டார்.

"எவ்ளோ சார்?"

"சூப்பர் பாய்" என்றேன். காகிதத்தில் ஒரு நிமிடம் இருபத்து மூன்று என்று எழுதினேன். எழுதாமல் விட்டிருக்கலாம். வரிசை முழுமையாக இருக்க வேண்டும் என்று ஒரு கிறுக்குத்தனம்.

மத்தியானம் மேனேஜர் வந்தார். கிளிப் அட்டையில் கேட் பாஸ்களைப் புரட்டியவர் நான் எழுதிய கணக்கைப் பார்த்துவிட்டு இது என்ன என்றார். சும்மா விளையாட்டு சார் என்று கசக்கிப் போட எனக்கு ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? கையை நீட்டினேன். முழுக்கைச் சட்டையின் கையை மேலே இழுத்துவிட்டு, எந்தப் பொத்தான் எதற்கு, எந்த வட்டம் எதற்கு என்று விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு காகிதத்தின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இது யாரு?"

சொன்னேன்.

"டபுள் டைம் எடுக்குறாரே" என்றார். காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை செட்டு வந்தபோது பாய் இல்லை. அவர் இடத்தில் புது ஆள் ஒருவர், முப்பது வயதுக்காரர். பாய்க்கு உடம்பு சரியில்லையோ என்று மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உடம்புக்கு இன்னா? நல்லாத்தான் கீறாரு. கான்ட்ராக்டர் நிறுத்திட்டாரு. உங்க ஆபீஸ்லர்ந்து லெட்டர் வந்துச்சாம், டைம் போட்டு."

"அவரு செட்டுக்கே தலைவர் மாதிரி ஆச்சே, நீங்க எல்லாம் கேக்கலியா?" என்றேன்.

"தலைவரா?" மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரு சார் சொன்னது? முன்னாடி போனா தலைவரா? செட்டுல யாரு மெதுவா நடக்குறானோ அவன்தான் சார் முன்னாடி போவான். அவன் நடதான் எல்லாருக்கும் நட. பின்னாடி வுட்டா தனியா தெரிவான். முன்னாடி வுட்டா யாருக்குத் தெரியும்? எங்க அப்பன் காலத்துலர்ந்து அப்டித்தான். கன்டெய்னரு எப்பவும்போல ரெண்டரை மணிக்கு காலியாவுது, உனுக்கு இன்னா நஷ்டம்?"

பிறகு அவரே கொஞ்சம் தணிந்து சொன்னார். "பாய்க்கு அந்த பேப்பரு ஆபீஸுக்கு போன விஷயம் தெரியாது. வயசாய்டுச்சின்னு நிறுத்திட்டாங்கன்னுதான் சொல்லி வச்சிகீறோம். உன்னிய சொல்லணும்னா, நாங்க அவர தாண்டி ஓடுனதயும் சொல்லணும். ஒரு பஜ்ஜிக்காவ ஓடுனோம் சார். எந்த மூஞ்சிய வச்சிகினு சொல்றது?"

அன்று புது ஆள் வேகமாக நடந்தார். யார் முன்னால் போவது என்று அவர்களுக்குள் ஒரு குழப்பம் இருந்தது. இரண்டு முறை ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள். கன்டெய்னர் வழக்கத்தைவிட இருபது நிமிடம் முன்னதாகக் காலியானது. அந்த இருபது நிமிடமும் அடுத்த லாரி வராமல் எல்லோரும் வாசலில் சும்மா குந்திக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மேனேஜர் அறைக்குப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். "சார், அந்த டைமிங் தப்பு. இந்த வாட்ச நம்ப முடியாது. டூப்ளிகேட் சார், பிளாட்பாரத்துல வாங்குனது. வேகமா ஓடும், நின்னு போகும். அதை வச்சு ஒருத்தர் பொழப்புல கை வைக்கக் கூடாது." வீட்டிலும் வெளியிலும் சொல்லிச் சொல்லித் தழும்பேறிய பொய். ஒரு நல்ல காரியத்துக்காவது பயன்படட்டும் என்று நினைத்தேன்.

போய் அப்படியே ஒப்பித்தேன். அவர் சிரித்தார். "டூப்ளிகேட்டா? யார்கிட்ட சொல்றீங்க? அன்னிக்கே பார்த்தேன். அந்தப் பொத்தான் அமுங்குற விதத்துலயே தெரியுமே. எங்க மாமனார்கிட்ட இதே மாடல் இருந்துச்சு. அருமையான பீஸ் சார். எங்க பிடிச்சீங்க?"

இங்கேதான் நான் நிஜத்தை எழுத வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். ஒரு மனிதனின் வேலையைத் திரும்ப வாங்குவதற்காகப் போய் நிற்கிறேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் சந்தோஷம் குதித்தது. கடைசியில் ஒரு ஆளுக்குத் தெரிந்துவிட்டது! முகம் மலர்ந்துவிட்டதென்று எனக்கே தெரிந்தது. எங்கே பிடித்தேன் என்று சொன்னேன். எத்தனை நாள் தேடினேன் என்று சொன்னேன். சர்வீஸுக்கு எங்கே கொடுக்கலாம் என்று அவர் சொன்னதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். ஐந்து நிமிடம், அதற்கு மேலும் இருக்கலாம், நாங்கள் இருவரும் வாட்சைப் பற்றித்தான் பேசினோம். பாய் ஞாபகம் எனக்கு வந்தபோது அவர் போனை எடுத்துவிட்டிருந்தார். போனைப் பொத்திக்கொண்டு, "அது மேல போயாச்சு சார், இனிமே நம்ம கையில இல்ல" என்றார். நான் சரி என்று வந்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வாட்சைக் கழற்றி பீரோவில் வைத்தேன். வைத்தால் மட்டும் என்ன? மனைவி, "இன்னாங்க, முழுசா நின்னுபோச்சா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக் கட்டிக்கொண்டு தண்டையார்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். ஏன் கட்டிக்கொண்டேன் என்று கேட்டால் பதில் இல்லை. பாயிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன், கையில் சாட்சி இருக்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

குறுகலான சந்து. கதவைத் திறந்த பாய் என்னைப் பார்த்ததும் அப்படிச் சந்தோஷப்பட்டார். "வா சார், வா வா" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அவர் மனைவி தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு வந்து, "அந்த வாட்ச் சாரா?" என்று கேட்டார். டீ வந்தது. நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வார்த்தையைத் தேடினேன். அதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

"சார், உன்னியத்தான் நென்ச்சிகினே இருந்தேன். எனுக்கு வயசாய்டுச்சாம். நடக்க முடியலயாம். எவன் சொன்னான்னு தெரியல. நீதான் அன்னிக்கு எனுக்கு டைம் எடுத்தியே. நீயே சூப்பர்னு சொன்னே. அந்த பேப்பர மேனேஜர்கிட்ட ஒரு தபா காட்டேன் சார். மிஷினு எடுத்த டைம்மு. அதுக்கு மேல அவங்க இன்னா பேச முடியும்?"

இப்போது சொல், இப்போது சொல் என்று எனக்குள் ஒரு குரல். அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் என்மேல் துளிகூடச் சந்தேகம் இல்லை. அதனால்தான் என்னால் முடியவில்லை. திட்டுகிற ஆளாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

"அந்த பேப்பர் எங்கியோ போச்சு பாய்" என்றேன்.

"போனா இன்னா? வாட்சு கீதுல்ல? இப்போ எடு." எழுந்துவிட்டார். மனைவி வேண்டாம் என்றார். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சந்தில் இறங்கினார். "அந்தக் கரண்டு கம்பம் வரைக்கும் போய் வரேன். மூட்டதான் இல்ல, பரவால்ல."

கிளம்பினார். நான் மேல் பொத்தானை அமுக்கினேன். காலை வீசி வீசிப் போனார். வழியில் வைத்திருந்த தண்ணீர்க் குடங்களைச் சுற்றிப் போனார். பக்கத்து வீட்டு வாசலில் இருந்த ஒரு பெண்மணி, "இன்னா பாய், வாக்கிங்கா?" என்றார். "டைம் எடுக்குறாங்கோ, பேசாதே" என்று கத்தினார் பாய். கம்பத்தைத் தொட்டுத் திரும்பினார். அங்கேயிருந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். நடுமுள் ஒரு சுற்று முடிக்கப் போகிறது. அவர் இன்னும் பாதி வழியில் இருந்தார். நான் பொத்தானை அமுக்கி முள்ளை நிறுத்திவிட்டேன்.

அவர் வந்து சேர்ந்து, சுவரில் கையை ஊன்றி மூச்சு வாங்கினார். "எவ்ளோ சார்?"

"அம்பத்திரெண்டு பாய்."

"கேட்டியா?" என்று வீட்டுக்குள் பார்த்துச் சத்தம் போட்டார். "அம்பத்திரெண்டு! இத்த போய் நடக்க முடியலன்னு சொல்றானுங்கோ." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளிக்கே மேனேஜர்கிட்ட சொல்லிடு சார். நானும் வந்துர்றேன்." நான் தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது, அவர் சரி என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் வீட்டில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது குடோன் வாசலிலிருந்து செக்யூரிட்டி போன் செய்தார்.

"சார், பாய் வந்துகீறாரு. வேலைக்கு. நீங்கதான் வர சொன்னீங்கன்னு சொல்றாரு. உள்ள வுடட்டா?"

பின்னால் அவர் குரலும் கேட்டது. யாரிடமோ அம்பத்திரெண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார் இன்னிக்கு லீவுன்னு சொல்லிடுங்க" என்றேன். போனை வைத்தேன். சொன்னது பொய்யாகிவிடக் கூடாதென்று அன்று லீவும் போட்டேன்.